ஹைகிரவுண்டிலிருந்து குலசை வரை

வியாழன், பாளையங்கோட்டை

அக்காவின் தோள்பைக்குள் இருப்பவை: அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் நிரோத் ஆணுறைகள், ஜெல் பாக்கெட்டுகள், ஓரம் கிழிந்த ஒரு பதிவேடு, துணியில் சுற்றிய மர மாடல், குடை, தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் கைமுறுக்கு. முறுக்கு அவருக்காக இல்லை. “எச்.ஐ.வி. டெஸ்டுக்குக் காலைல சாப்பிடாம பயந்துக்கிட்டே வருவானுவ. வெறும் வயித்தோட இருக்கவன்கிட்ட என்ன சொன்னாலும் காதுல ஏறாது” என்கிறார்.

அக்கா திருநங்கை. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில், தன்னைப் போன்றவர்களுக்கு விவரம் சொல்லும் பியர் எஜுகேட்டராகச் சேர்ந்து களப்பணியாளர் ஆனவர். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் அவரைத் தெரியாத கோத்திகள் (பெண் நளினத்தோடு, ஆண்களை விரும்பும் ஆண்கள்) குறைவு. நான் அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்து சென்னையில் வேலை பார்ப்பவன், ஆண்களை விரும்பும் ஆண். சென்னையில் இதே வேலையைத் தன்னார்வலனாகச் செய்கிறேன். சொந்தச் சீமையில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. தசரா விடுமுறை கிடைத்தது, அக்காவும் சரி என்றார். அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன். யாருடைய பெயரும் ஊரும் இதில் இருக்காது.

இன்று காலை ஒரு பையனை ஹைகிரவுண்டுக்குக் கூட்டிப் போனோம். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று இங்கே யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. பையன் கடையில் வேலை பார்ப்பவன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கச் சொல்லியிருந்தோம். அவனோ ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

“எங்க தெருக்காரவ ரெண்டு பேரு உள்ள வேலை பாக்காவ. பாத்துட்டா என்னக்கா சொல்ல?”

“காய்ச்சல்னு சொல்லு. டெங்கு டெஸ்டுன்னு சொல்லு. நான் யாருன்னு கேட்டா, சீட்டு எங்க போடணும்னு வழி காட்ட வந்தவன்னு சொல்லு. எந்திரி.”

அவன் எழுந்திருக்க நேரமாயிற்று. அக்கா அவசரப்படுத்தவில்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து பெஞ்சில் வைத்துவிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை இருக்கும். தமிழ்நாட்டின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தப் பெயரைத் தேடிப் போனால் போதும், எச்.ஐ.வி. சோதனை இலவசம். முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். நீங்கள் சம்மதித்த பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். பால்வினை நோய்க்கும் கேட்டால் பார்த்துவிடுவார்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். ஏதாவது தெரிந்தால் வேறு இரண்டு வகைக் கிட்டிலும் பார்த்து, மூன்றும் ஒத்துப்போன பிறகே ‘பாசிட்டிவ்’ என்பார்கள். கிருமி உடம்புக்குள் போனவுடன் இந்தச் சோதனையில் தெரியாது. அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை வரச் சொல்வார்கள். பையனுக்கு அந்தத் தேதியைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டி எடுக்கும் முன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

எனக்கு அங்கேயே ஒன்று உறைத்தது. சோதனை இலவசம், மருந்து இலவசம், ஆஸ்பத்திரிக்கு எல்லாத் திசையிலிருந்தும் பஸ் இருக்கிறது. இந்த ஊரில் ஆளைத் தடுப்பது அந்த வாசல்தான். சென்னையில் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் என்னை ஒருவருக்கும் தெரியாது. இங்கே ரெண்டு தெரு தாண்டுவதற்குள் “நீ இன்னார் மவன்தானடே?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியில் பாசம்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பயந்தே சோதனையை வருஷக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். ரொம்ப காலமாக எச்.ஐ.வி.யோடு வாழ்பவர். எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை இந்திய அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஒன்று. “நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி, விடிய முன்னால தாம்பரத்துல எறங்கி, வரிசையில நிப்பேன். வீட்டுல மெட்ராஸ்ல கம்பெனி வேலைன்னு சொல்லியிருந்தேன். மருந்த பவுடர் டப்பாவுல போட்டுக் கொண்டாருவேன்” என்றார். இப்போது ஹைகிரவுண்டிலேயே வாங்கிக்கொள்கிறார். ராத்திரி ஒரு மாத்திரை. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவர் பொறுப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் அம்மன் சப்பரத்துக்கு மேளம் கேட்டது. எழுந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்து பேச்சைத் தொடர்ந்தார்.

வெள்ளி, அம்பாசமுத்திரம் போகும் வழி

பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று எனக்குப் பழகிய பாதை. கல்லிடையில் அப்பளம் காயப்போட்ட வாசல்களைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வழியில் ஓர் ஊரில் இறங்கினோம்.

நாங்கள் பார்க்கப் போனவர் கரகாட்ட செட்டில் பெண் வேஷம் கட்டி ஆடியவர். இப்போது முழங்கால் வலி, ஆடுவதில்லை. ஆண் பெண் வேஷம் கட்டுவது இந்தச் சீமைக்குப் புதிது இல்லை. சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்துக்காரர்கள் மகுடம் அடிக்க, சலங்கை கட்டிச் சேலை உடுத்தி ஆடுகிறவர்கள் ஆண்கள்தான். அது அவர்கள் குலத்துக் கலை, சாமிக்குச் செய்யும் கடமை. வேஷம் கட்டுகிறவர்கள் எல்லாரும் எங்களைப் போன்றவர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எங்களைப் போன்ற சிலருக்கு வேஷம் ஓர் ஒதுங்கிடமாக இருந்திருக்கிறது. இவர் அப்படிப்பட்டவர்.

“ஆடையில ரூவா நோட்டக் குத்துவாவ. நல்லா ஆடுதான்னு ஊர்ப் பெரிய மனுசனே சொல்லுவாரு. பொழுது விடியுததுக்குள்ள அந்தக் கூட்டத்துலயே நாலு பேரு தோப்புக்கு வாம்பான். வரமாட்டேன்னா அடிதான். உறை இருக்கான்னு எவன்ட்ட கேக்க முடியும்? உறைன்னா என்னன்னே எனக்குத் தெரியாது” என்றார்.

அவரோடு ஆடிய ஒருவர் இளைத்து இளைத்துச் செத்துப்போனார். ஊரில் செய்வினை என்றார்கள். வீட்டார் கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார்கள். ரத்தம் சோதிக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. “அவனுக்கு ஒரு மூணு வருசம் கழிச்சி வந்திருந்தா மருந்து கெடச்சிருக்கும்” என்று சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நேற்று வந்த பெரியவர் ஹைகிரவுண்டில் மருந்து வாங்குவதும் இவருடைய கூட்டாளி போய்ச் சேர்ந்ததும் ஒரே ஆற்றங்கரையில் நடந்தவை. இடையில் சில வருஷம், ஒரு ரயில் டிக்கெட், விவரம் சொல்ல ஓர் ஆள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். போகவில்லை. அம்மாவிடம் போனில் பேசினேன்.

சனி, மந்தித்தோப்பு

காலை கோவில்பட்டி பஸ். கங்கைகொண்டான் தாண்டியதும் பச்சை குறைந்து கயத்தாறுப் பக்கம் கரிசல் தொடங்கிவிடுகிறது. கோவில்பட்டி இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986-ல் மாவட்டம் பிரியும் வரை இதுவும் நெல்லைதான், மனசில் இன்னும் அப்படித்தான்.

கோவில்பட்டிக்கு அருகே மந்தித்தோப்பில் திருநங்கைகள் நடத்தும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 2020-ல் தொடங்கியது. அரசு கட்டிக் கொடுத்த வீடுகள் உள்ள குடியிருப்புக்கு, அப்போது ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரியின் பெயரால் சந்தீப் நகர் என்று பெயர். இதற்காக அலைந்தவர்களில் முக்கியமானவர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான கிரேஸ் பானு. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை அவர்.

கறந்த பாலை அளந்து ஊற்றுவதைப் பார்த்தேன். மாட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது, டாக்டர் எப்போது வருவார் என்பதுதான் அங்கே பேச்சு. எச்.ஐ.வி. பற்றி யாரும் பேசவில்லை. அக்காவும் பதிவேட்டை வெளியே எடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: “ராத்திரி ரோட்டுல நிக்கவளுக்கு ஒருத்தன் ‘உறை வேண்டாம், நூறு ரூவா கூடத் தாரேன்’னு சொன்னா, மறுநா அரிசிக்கு அந்த நூறு வேணும். விடியக்காலம் மாடு கறக்கப் போறவளுக்கு அந்த நூறு வேண்டாம். ‘போல அங்குட்டு’ன்னு சொல்லிருவா.” தடுப்புப் பணி என்ற பெயரில் எத்தனையோ பயிற்சியில் உட்கார்ந்திருக்கிறேன். இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பால் சங்கம் போல ஊருக்கு ஒன்று வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

ஞாயிறு, திருநெல்வேலி

ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரம். ‘பிறந்தநாள் விருந்து’ என்று பக்கத்து வீடுகளுக்குச் சொல்லியாயிற்று, கேக்கும் வாங்கியாயிற்று. கல்லூரிப் பிள்ளைகள், கடை வேலைக்காரர்கள், ஒரு வங்கி ஊழியர், கல்யாணமான இரண்டு பேர், திருநம்பி ஒருவர், வியாழக்கிழமை ஹெல்மெட் போட்டு வந்த பையன்.

முதலில் நான் கொஞ்சம் பேசினேன். எச்.ஐ.வி. என்றால் பம்பாய் நோய், வெளிநாட்டு நோய் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலில் கண்டறிந்ததே சென்னையில் எடுத்த ரத்தத்தில்தான், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் செய்த ஆய்வில் என்று சொன்னபோது பலருக்கு வியப்பு.

அப்புறம் அக்கா மர மாடலை எடுத்தார். இரண்டு பேர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள், அவர் காத்திருந்தார். முதலில் பாக்கெட்டில் தேதி பார்க்க வேண்டும். பாக்கெட்டுக்குள் உறையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பாக்கெட்டின் மறுபக்கத்தைக் கையால் கிழிக்க வேண்டும், பல்லால் கடிக்கக் கூடாது. நுனியை இரண்டு விரலால் அழுத்திக் காற்றை எடுத்துவிட்டு, அப்படியே பிடித்தபடி அடி வரை உருட்ட வேண்டும். முடிந்ததும் அடியைப் பிடித்துக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். “இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். இப்ப உண்மையச் சொல்லுங்க, என்ன தடவுதீய?”

யாரும் பேசவில்லை. அப்புறம் மூலையிலிருந்து ஒரு குரல்: “தேங்கா எண்ணெய்.”

அக்கா ஓர் உறையை ஊதி முடிச்சுப் போட்டு, அதன்மேல் தேங்காய் எண்ணெயைத் தடவி எல்லார் கையிலும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பட்டென்று வெடித்தது. எண்ணெய், வாசலின், முகத்துக்குப் போடும் கிரீம் எல்லாமே லேடெக்ஸை அரித்துவிடும். தண்ணீர் கலந்து செய்த ஜெல்தான் சரி. பின்வழி உறவில் ஜெல் இல்லாவிட்டால் உறை கிழியும், தோலும் கிழியும், கிருமி நுழைய அதுதான் வழி. ஆணுறை கொடுக்கிறவர்கள் ஜெல்லும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அக்கா எல்லாக் கூட்டத்திலும் சண்டை போடுவாராம். போடத்தான் வேண்டும்.

கேள்விகள் வர ஆரம்பித்தன. முத்தத்தில் வருமா? வராது. கொசு? வராது. உறை கிழிந்துவிட்டால்? 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய், கிருமி தொற்றாமல் தடுக்கும் பெப் என்ற அவசர மருந்தை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை இருக்கிறதாமே? இருக்கிறது, பிரெப். டாக்டர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று சோதித்து, சிறுநீரகமும் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும், மேகப்புண் போன்ற மற்ற பால்வினை நோயைத் தடுக்காது. அதனால் உறையை விட்டுவிடாதீர்கள்.

அப்போது வங்கி ஊழியர் எழுந்தார். “நான் பாசிட்டிவ். மருந்து ஒழுங்கா சாப்பிடுதேன். வைரல் லோடு, அதான் ரத்தத்துல இருக்க கிருமி அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு எறங்கியாச்சு. அப்படி இருக்க வரைக்கும் உறவுல என்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் பரவாது. இத நான் சொல்லல, டாக்டர்மார் சொல்லுதாவ.” அவருக்கு நடந்ததையும் சொன்னார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனபோது, இவரைக் கேட்காமலே சோதித்து, முடிவை இவருக்குச் சொல்லும் முன் அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். 2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி இது தப்பு. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ துரத்தக் கூடாது. அதே வாரத்தில்தான், நான்கு நாள் முன்னால், 377-ஆம் பிரிவிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்த வாரத்தை நான் கடைசி வரை மறக்க மாட்டேன்.

ஆண்களை விரும்பும் ஆண்கள் பழகும் கிரைண்டர் என்ற போன் ஆப்பில் ஆள் பிடித்து மிரட்டுவது இங்கேயும் நடக்கிறது. ஊருக்கு வெளியே வரச் சொல்லி, நாலு பேர் சுற்றிக்கொண்டு, போனைப் பிடுங்கிப் பணத்தை அனுப்ப வைப்பது. வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்பதுதான் ஆயுதம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். அக்கா சொன்னது: முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான். எங்கே போகிறீர்கள் என்று ஒரு நண்பருக்காவது தெரிய வேண்டும். பணம் கொடுத்தால் நிறுத்த மாட்டார்கள். புகார் கொடுக்கத் தனியாகப் போகாதீர்கள், கூப்பிடுங்கள், கூட வருகிறோம். மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம், நீங்கள் செய்தது குற்றம் இல்லை. எங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-ல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள். இதையும் அவர் சொல்லிக் கொடுத்தார்.

கடைசிக் கேள்வி ஒரு பையன் கேட்டது, கல்யாணம் பற்றியது. “தைக்குள்ள முடிக்கணும்னு நிக்காவ. மதுரைல ஒரு டாக்டர் மாத்திருவாருன்னு மாமா சொல்லுதாரு.” மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய நோயும் இல்லை. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி ‘மாற்றும்’ சிகிச்சையைத் தடுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மாற்றித் தருகிறேன் என்று எந்த டாக்டராவது சொன்னால் அவர் மேலேயே புகார் கொடுக்கலாம். இவ்வளவையும் சொன்னேன். அந்தப் பையன் கேட்டுவிட்டு, “சரிண்ணே, எங்கம்மாட்ட யாரு சொல்லுவா?” என்றான். கல்யாணமான இருவரில் ஒருவர் அவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் தீர்ப்பு விவரங்களைவிட அது அவனுக்கு உதவியிருக்கும்.

திங்கள், திருச்செந்தூர்

ஆயுத பூஜை. ஆட்டோக்களுக்கெல்லாம் வாழைக்கன்று, பொரி, கடலை. அக்கா தன் பதிவேட்டுக்கும் சந்தனம் வைத்தார். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழி பஸ், இரண்டு பக்கமும் வாழை. வழியெங்கும் சிவப்பு உடுத்திய தசரா குழுக்கள் வேனில். நாளைக்குத்தான் வேலை.

செவ்வாய், குலசேகரன்பட்டினம்

பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேஷம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி உண்டியலில் செலுத்துவார்கள். காளி, குறத்தி, போலீஸ், பிச்சைக்காரர், குரங்கு, கிழவி. விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். மீசையை மழித்துச் சேலை கட்டி, வளையல் போட்டு, தலை நிறையப் பூ வைத்த ஆண்கள் ஆயிரக்கணக்கில் நடந்து போகிறார்கள். பெரும்பாலோருக்கு அது நேர்த்திக்கடன், வேறு ஒன்றும் இல்லை. பெண்டாட்டி பொட்டு வைத்துவிட, பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வர, குடும்பமாக வருகிறார்கள். யாரும் கேலி செய்யவில்லை. தாயே என்று கும்பிடுகிறார்கள். எங்கள் ஊர்ச் சனத்துக்கு இது முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

அக்காவுடன் இன்னும் மூன்று திருநங்கைகள் சேர்ந்துகொண்டார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் ஆணுறை கொடுப்பதில்லை என்பது அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. விரதத்தில் இருப்பவர்களை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும்? பஸ் நிற்கும் இடத்திலும், வேன்கள் நிற்கும் காட்டுப் பக்கத்திலும், தண்ணீர்ப் பந்தல் அருகிலும் நின்றார்கள். 1097 என்ற இலவச உதவி எண் அச்சடித்த சின்ன அட்டையைக் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் மற்றது.

சாயங்காலம் ஒரு காளி எங்கள் பக்கம் வந்து நின்றது. முகம் முழுக்கக் கருஞ்சிவப்புச் சாயம், வெளியே தொங்கும் தகர நாக்கு, பின்னால் மரக் கைகள், தலையில் பெரிய கிரீடம். கிரீடத்தின் பாரத்தில் நெற்றியில் பட்டை அழுந்தியிருந்தது. நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. குரல் கேட்டபோதுதான் சின்ன வயசு என்று தெரிந்தது.

“அக்கா, விரதத்துல ரத்தம் எடுக்கலாமா?”

“காப்பு அவுத்தப்புறம் எடுத்துக்கலாம். ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிராது.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “இந்த வேஷத்தோட வந்தா ஹைகிரவுண்டுல டெஸ்ட் எடுப்பாவளா?”

நான் சிரித்துவிடவில்லை. அவன் எதற்காகக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாயத்துக்குப் பின்னால் அவனைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. இரத்தம் எடுக்கும் கையை மட்டும் நீட்டினால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

“எடுப்பாவ. வேஷத்தோட வந்தாலும் எடுப்பாவ, இல்லாம வந்தாலும் எடுப்பாவ. வேஷத்தோட வந்தா ஆஸ்பத்திரியே எந்திச்சி நின்னு உன்னையக் கும்பிடும், நீ ஒளிய முடியாது” என்றார் அக்கா. அவன் சிரித்தான். “வியாழக்கெழமை பத்து மணிக்கு நான் டீக்கடைல இருப்பேன். உனக்குத் துணைக்கு யாராவது இருக்கானா?”

“ஒருத்தன் இருக்கான்” என்றான். சொன்ன விதத்திலேயே அந்த ஒருத்தன் யார் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது.

“அவனையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் எடுத்துக்கிடுங்க.”

நாக்கை மாட்டிக்கொண்டு மேளத்துக்குப் போய்விட்டான். நள்ளிரவில் கடற்கரையில் சம்ஹாரம் நடந்தபோது அலை இரைச்சலை மீறி ‘ஓம் காளி, ஜெய் காளி’ என்று கூட்டம் முழங்கியது. நானும் முழங்கினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதவில்லை.

வியாழன், மறுபடியும் ஹைகிரவுண்ட்

பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் இல்லை. அக்கா இரண்டு டீ குடித்துவிட்டார். “வராட்டியும் பரவால்ல. அட்டை இருக்குல்லா, அடுத்த மாசம் வருவான்” என்றார். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டி வந்தவன் காதோரம் சாயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஒரே ஊர், இரண்டு தெரு. வழியில் நாலு இடத்தில் நிறுத்தி, திரும்பிப் போய்விடலாமா என்று பேசியிருக்கிறார்கள்.

உள்ளே போகும்போது ஒருவனுக்குத் தெரிந்தவர் எதிரே வந்தார். “என்னடே இங்கன?” “காய்ச்சல் மாமா.” “பாத்துக்கிடுங்கடே, டெங்கு நிறைய இருக்கு.” அவ்வளவுதான், அவர் போய்விட்டார்.

முடிவு என்ன என்று எழுத மாட்டேன். அது அவர்கள் இருவருடையது. சோதனை செய்துகொள்ளும் எல்லாருக்கும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்: இல்லை என்றால் உறை, ஜெல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. இருக்கிறது என்றால் அதே வளாகத்தில் ஏ.ஆர்.டி. மையம். உடம்பு கெடும் வரை காத்திருக்கச் சொன்ன காலம் போய்விட்டது. 2017 முதல் பாசிட்டிவ் என்று தெரிந்த எல்லாருக்கும் மருந்து உண்டு. முதலில் மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டியிருக்கும், உடம்பு நிலைப்பட்டதும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

எனக்கு ராத்திரி ரயில். அக்காவுக்கு அடுத்த வாரம் வள்ளியூர், பணகுடி. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நாகர்கோவிலுக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளவே விரும்புகிறார்கள், அங்கே தெரிந்தவர் குறைவு. கூடப் போக ஆள் போதவில்லை. நெல்லை, நாகர்கோவில் பக்கம் இருப்பவர்கள், வாரத்தில் ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, அரசு ஆஸ்பத்திரிக்கு ஒருவரோடு நடந்து போய்த் திரும்ப முடியும் என்றால் எனக்கு எழுதுங்கள். அக்காவிடம் சேர்த்துவிடுகிறேன். பயிற்சியை அவர் கொடுப்பார்.